வாங்கும் கை வேறு, உரிமை வேறு

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது நம் நாட்டுப் பழமொழி. அதைச் சிறுவயதிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். அதன் பொருளை முழுமையாக உணர்ந்தது, என் பெரியப்பா காலமாகி அவருடைய பணம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளில்தான். அந்தப் பணம் யாருடையது என்ற கேள்வி எங்கள் வீட்டை ஒரு மாத காலம் ஆட்டி வைத்தது. அதற்கு விடை தேடிச் சென்ற நான் அறிந்துகொண்டவற்றை இந்த ஆண்டு மலரின் வாயிலாக ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டம் படித்தவன் அல்லன் நான். வணிகவியல் வகுப்பில் காப்பீடு பற்றிய பாடம் படித்தவன்; அவ்வளவே. பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

எங்கள் வீட்டுக் கதை

என் பெரியப்பா உடுமலைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். அரசாங்க உத்தியோகம் அல்லவே! ஓய்வு பெற்றபோது சேமநல நிதியும் பணிக்கொடையும் ஒரே தொகையாகக் கைக்கு வந்தன. கையில் வைத்திருந்தால் கரைந்துவிடும் என்று அஞ்சிய அவர், அதில் 5 லட்சம் ரூபாயைக் கட்டி ஓர் ஆண்டுத்தொகைப் பத்திரம் வாங்கினார். ஆங்கிலத்தில் ஆன்யுட்டி என்பார்களே, அதுதான். மொத்தமாக ஒரு தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால், உயிருள்ளவரை மாதந்தோறும் அவர்கள் ஒரு தொகை தருவார்கள். அவருக்கு மாதம் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்துகொண்டிருந்தது. ஒன்றாம் தேதி வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து, பெரியம்மாவிடம் கொடுத்து, வெற்றிலை பாக்குக்கு மட்டும் திரும்ப வாங்கிக்கொள்வார்.

அந்தப் பத்திரத்தை வாங்கியபோது விண்ணப்பத்தில் இரண்டு இடங்களைப் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. ஒன்று, எந்த வகை ஆண்டுத்தொகை வேண்டும் என்பது. தம் ஆயுள் வரை மட்டும் மாதத்தொகை வந்து, பிறகு கட்டிய முதல் திரும்பக் கிடைக்கும் வகை ஒன்று. தாம் போன பின்பு மனைவிக்கும் ஆயுள் முழுதும் மாதத்தொகை வந்து, இருவரும் போன பின்பு முதல் திரும்பும் வகை மற்றொன்று. இரண்டாவதில் மாதத்தொகை சற்றுக் குறையும். "எது அதிகம் வருகிறதோ அதையே போடுங்கள்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.

மற்றொன்று, நாமினி யார் என்பது. பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. பெண்கள் இருவரும் கல்யாணமாகி வெளியூரில் இருந்தார்கள். "தம்பி பேரைப் போட்டால் ஓடியாடி வேலை பார்ப்பான்" என்று என் அப்பாவின் பெயரைக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் பெரியம்மாவின் மீதி வாழ்க்கைக்கான வருமானம் தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பதை அங்கிருந்த எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பெரியப்பா இறந்தார். மாதத்தொகை நின்றது. விவரம் தெரிவிக்கத் தாமதமானதால், அவர் இறந்த பின்பும் இரண்டு தவணைகள் கணக்கில் வந்திருந்தன. அவற்றையும் திருப்பிச் செலுத்த வேண்டியதாயிற்று. பிறகு சில வாரங்களில், திரும்பக் கிடைக்க வேண்டிய 5 லட்சம் ரூபாய் என் அப்பாவின் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது.

எங்கள் வீடும் செல்வத்தில் புரளும் வீடு அன்று. அப்பா தையல்காரர். அம்மாவின் நகைகள் என் படிப்புக்காகவும் தங்கையின் செவிலியர் படிப்புக்காகவும் அடகுக் கடையில் இருந்தன. "கடவுளாய்ப் பார்த்துக் கொடுத்தது. நகையை மீட்டுவிடலாம்" என்றார் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அப்பா, நாமினி என்றால் வாங்கிக் கொடுப்பவர்தான். பணம் பெரியம்மாவுக்கும் அக்காமார்களுக்கும் சேர வேண்டியது" என்றேன். அப்பாவுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத இயலாது. "என் அண்ணன் எனக்கு எழுதி வைத்ததை நீ யாரடா கேட்பதற்கு?" என்றவர், மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை.

நான் சொன்னது சரிதானா என்று எனக்கே உள்ளூர ஐயம் வந்துவிட்டது. எனவே தேடிப் படித்தேன். எங்கள் துறைப் பேராசிரியரிடமும் கேட்டேன்.

ஆண்டுத்தொகை இறப்புக்குப் பின் என்ன ஆகிறது?

ஆண்டுத்தொகை என்பது நிலம், வீடு போன்ற சொத்து அன்று. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மாதாமாதம் வரும் வருமானம். மற்றொன்று அதற்காகக் கொடுத்த முதல். ஒருவருடைய ஆயுளுக்கு மட்டும் என்று வாங்கப்பட்ட வருமானம் அவர் மூச்சோடு முடிந்துவிடும். பிள்ளைகள் அதற்கு வாரிசாக முடியாது. உயில் எழுதியும் யாருக்கும் கொடுக்க முடியாது. இறந்துபோவதற்கு முன்பே தவணை நாள் வந்து, கைக்கு வராமல் நின்ற தொகை இருந்தால் மட்டும் அது இறந்தவரின் சொத்தோடு சேரும். கணவன் மனைவி இருவர் ஆயுளுக்கும் என்று வாங்கியிருந்தால், மனைவிக்குத் தொடர்ந்து வருவது வாரிசுரிமையால் அன்று. ஒப்பந்தத்திலேயே அவருக்கு இடம் இருப்பதால் வருவது. ஆகவே அதற்கு உயிலும் வேண்டா, நீதிமன்றமும் வேண்டா.

முதல் திரும்பும் வகையில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்த முதல் இறந்தவரின் சொத்து. அது யாருக்குப் போக வேண்டும் என்பதை உயில் இருந்தால் உயிலும், உயில் இல்லையேல் வாரிசுச் சட்டமும் தீர்மானிக்கும்.

உயில் இருந்தால் அது உண்மையான உயில்தான் என்று நீதிமன்றம் சான்றளிப்பதைப் புரொபேட் என்கிறார்கள். தமிழில் உயில் மெய்ப்பு எனலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 213ஆம் பிரிவின் மூலம், இதைச் சில ஊர்களுக்கு மட்டும் கட்டாயமாக்கி வைத்திருந்தது. இந்து ஒருவர் சென்னை மாநகரில் உயில் எழுதினாலோ, அவர் உயிலில் சென்னை மாநகரில் உள்ள வீடு, நிலம் அடங்கியிருந்தாலோ புரொபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட முடியாது. கோவையில் எழுதி, கோவைச் சொத்தைப் பற்றியதாயின் தேவையில்லை. கல்கத்தா, பம்பாய், சென்னை என்று ஆங்கிலேயர் வகுத்த பாகுபாடு அது. ஒரு நூற்றாண்டுக் காலம் நிலைத்த அந்தப் பிரிவு 2025ஆம் ஆண்டு டிசம்பரில் நீக்கப்பட்டது. இப்போது புரொபேட் விரும்பினால் பெறலாம். உயிலில் தகராறு இருந்தால் பெறுவதே நல்லது. ஆனால் கட்டாயம் இல்லை.

உயில் இல்லாதபோது, இறந்தவருக்கு வரவேண்டிய பணத்தைப் பெற உரிமையியல் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்குவது முறை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு. நீதிமன்றம் தரும் இச்சான்றிதழ் வேறு. முன்னது இன்னார் இன்னாருடைய வாரிசுகள் என்று மட்டும் கூறும். பின்னது இந்தக் கடனை, இந்தத் தொகையை வசூலிக்க இன்னாருக்கு அதிகாரம் உண்டு என்று கூறும். கட்டணம், வழக்கறிஞர், அலைச்சல் என்று பல மாதங்கள் ஆகும். இந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் நாமினி என்ற ஏற்பாடே வந்தது. நிறுவனம் நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் அதன் பொறுப்பு தீர்ந்தது. அதன் பின்பு "எங்களுக்கு ஏன் தரவில்லை?" என்று வாரிசுகள் நிறுவனத்தைக் கேட்க முடியாது. ஆனால் நாமினியைக் கேட்கலாம்!

உச்ச நீதிமன்றம் சொன்னது

இதைத் தெளிவாக்கியது சர்பதி தேவி எதிர் உஷா தேவி என்ற வழக்கு. ஒருவர் 10,000 ரூபாய் வீதம் இரண்டு காப்பீட்டுப் பத்திரங்கள் எடுத்து, மனைவியை நாமினியாகக் காட்டியிருந்தார். 1967இல் உயில் எழுதாமல் இறந்தார். மனைவி, மகன், தாய் என மூவர் வாரிசுகள். பணம் முழுவதும் எனக்கே என்றார் மனைவி. எனக்கும் பேரனுக்கும் பங்கு உண்டு என்றார் தாய். கீழ் நீதிமன்றங்களில் தாய் தோற்றார். 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ள அதிகாரம் பெற்ற கை மட்டுமே. பணம் வாரிசுச் சட்டப்படி பிரிய வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். இருபதாயிரம் ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்காக ஒரு தாய் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள்! நிறுவனப் பங்குகளுக்கு நாமினியாக இருப்பவர் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதே கொள்கையை நிலைநாட்டியது.

இதற்கிடையே 2015ஆம் ஆண்டில் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகக் காட்டினால், அவர்கள் பணத்தின் பயனுக்கே உரியவர்கள் என்று அத்திருத்தம் கூறுகிறது. இதனால் மற்ற வாரிசுகளின் பங்கு அடியோடு போய்விடுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் வெவ்வேறு கருத்துகளைக் கூறியிருக்கின்றன. எங்கள் வீட்டு விவகாரத்தில் அந்தக் குழப்பத்துக்கே இடம் இல்லை. அந்தப் பட்டியலில் உடன்பிறந்தவர்கள் இல்லை. என் அப்பா தம்பி. ஆகவே அவர் வாங்கிய கைதான்; உரியவர் அல்லர்.

உரியவர் யார்? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் பிரியும். மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் அவ்வகுப்பில் அடங்குவர். மனைவியாகிய பெரியம்மாவுக்கு ஒரு பங்கு. பெண்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. நான்காவது பங்கு? அதைப் படித்தபோதுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் என் அப்பத்தாவுக்கு! மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய்க்கும் இதில் உரிமை உண்டு என்று எங்களில் ஒருவரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

சட்டத்தின் வேறு சில முகங்கள்

இந்தத் தேடலில் வழியில் கிடைத்த சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். அவை நம் பொருளுக்கு நெருங்கியவை.

உயில் மூலமாகவும் ஆண்டுத்தொகை ஏற்படுத்தலாம். "என் தங்கைக்கு என் சொத்திலிருந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்து வர வேண்டும்" என்று ஒருவர் எழுதி வைத்தால், வேறு விதமாக உயிலில் குறிப்பிடாத வரையில், அது அந்தத் தங்கையின் ஆயுள் வரை மட்டுமே செல்லும் என்கிறது 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. தங்கையின் மக்கள் அதற்கு வாரிசாக மாட்டார்கள். அது எழுதியவர் இறந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். ஆண்டுத் தவணையாயின் முதல் தொகை ஓராண்டு முடிவில் கிடைக்கும். மீதியெல்லாம் மகனுக்கு என்று அதே உயிலில் எழுதியிருந்தாலும், தங்கையின் ஆண்டுத்தொகை முழுவதையும் தீர்த்த பிறகே மகனுக்கு மீதி. இன்ன தொகையைக் கொண்டு ஆண்டுத்தொகை வாங்கிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தால், "பத்திரம் வேண்டா, பணமாகவே கொடுங்கள்" என்று கேட்கும் உரிமையும் பெறுபவருக்கு உண்டு. ஆயிரம் ரூபாய்க்கும் கணக்குத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் என்பதில் ஐயமில்லை.

தலைமுறை தலைமுறையாக வரும் ஆண்டுத்தொகைகளும் உண்டு. அயோத்தி நவாபுகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் கடன் கொடுத்தார்கள். 1814இல் நேபாளப் போருக்காகக் கொடுத்ததும், 1825இல் பர்மா போருக்காகக் கொடுத்ததும் அவற்றில் அடங்கும். முதலைத் திருப்பிக் கொடுக்காமல் வட்டியை மட்டும் நவாபின் குடும்பத்தாருக்கும் சார்ந்தவர்களுக்கும் என்றென்றும் கொடுத்து வருவது என்று ஏற்பாடு. அதற்கு வசீகா என்று பெயர். வாரிசுகள் பெருகப் பெருகத் தொகை பிரிந்து பிரிந்து, லட்சுமணபுரி என்னும் லக்னோவில் சிலருக்குக் கிடைக்கும் பங்கு, அதை வாங்கச் செல்லும் வண்டிச் செலவுக்கும் காணாது. முடிவே இல்லாத வருமானமும் ஒரு நாள் இப்படித் தேய்ந்துபோகும். அவரவர் ஆயுளோடு முடிவதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அரசு ஊழியர்களின் குடும்ப ஓய்வூதியம் இவ்விரண்டிலும் சேராதது. ஒரு ரயில்வே ஊழியர் தம் பணப் பலன்களைத் தம்பிக்கோ அண்ணனுக்கோ போகும்படி உயில் எழுதிவிட்டு இறந்த ஒரு வழக்கில், குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தே அன்று, அது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விதிகள் நேரே தருவது, உயிலால் அதைத் திருப்பிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியது. என் பெரியப்பா நூற்பாலைக்குப் பதிலாக ரயில்வேயில் வேலை பார்த்திருந்தால் பெரியம்மாவுக்கு இந்த நிலை வந்திராது! ஒரே உழைப்பு, ஒரே முதுமை. ஆயினும் ஒருவர் மனைவிக்கு விதி காவல் நிற்கிறது; மற்றவர் மனைவிக்கு ஐந்து நிமிடத்தில் நிரப்பிய தாள்தான் விதி.

இன்னுமொரு செய்தி நம் மாநிலத்துக்குப் பெருமை தருவது. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டப்படி, மணமான ஆண் தன் ஆயுளின் மீது காப்பீடு செய்து, இது என் மனைவியின் நலனுக்காக என்று பத்திரத்திலேயே குறிப்பிட்டால், அது மனைவிக்கான பொறுப்புச் சொத்தாகிவிடும். கடன்காரரும் தொட முடியாது. இறந்தவரின் சொத்தோடும் சேராது. இந்த உரிமை சென்னை மாகாணத்து இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு 1913 டிசம்பர் 31க்குப் பின் எடுத்த பத்திரங்களிலிருந்தே உண்டு என்று சட்டம் ஒப்புகிறது. பிற பகுதிகளுக்கு 1923 ஏப்ரலுக்குப் பிறகுதான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம் கையில் இருக்கும் இந்தக் கருவியை நம்மில் எத்தனை வீடுகள் அறியும்?

ஒரு மறுப்பும் என் விடையும்

இவற்றை நான் வகுப்பில் சொன்னபோது நண்பர் ஒருவர் மறுத்துக் கேட்டார். "உழைத்துச் சம்பாதித்தவர் உன் பெரியப்பா. தம்பி பெயரைத் தம் கையால் எழுதியவரும் அவரே. அவர் விருப்பத்தை மாற்றச் சட்டத்துக்கு என்ன உரிமை? எழுத்துக்கு மதிப்பே இல்லையா?"

கேள்வியில் நியாயம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நம் ஊரில் நாமினி பெயர் எழுதுகிறவர்களில் பலர் அதையே உயில் என்று எண்ணித்தான் எழுதுகிறார்கள். அப்படி எண்ணி ஒருவர் எழுதியதை, அவர் இறந்த பிறகு "அது வேறு, இது வேறு" என்று பிரித்துச் சொல்வது எளியோருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் என் பெரியப்பா தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஓடியாடி வேலை பார்ப்பான் என்றே எழுதினார். அதாவது நாமினி என்றால் சட்டம் எதை நினைக்கிறதோ அதையே அவரும் நினைத்தார். அவர் போன பின்பு, பணத்தைப் பார்த்த பின்பு, மாறிப் போனது எங்கள் நினைவுதான்.

மேலும், உயில் எழுதுவதற்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். எழுதுபவர் தெளிந்த மனத்தோடு இருக்க வேண்டும். தன் மனைவி மக்களை விலக்கி மற்றொருவருக்குச் சொத்தைக் கொடுக்க விரும்புகிறவர் அந்த அளவேனும் நின்று நிதானித்துச் செய்யட்டும் என்பதே சட்டத்தின் கருத்து. ஒரு தாளின் மூலையில் எழுதும் ஒரு பெயர் அதற்கு ஈடாகாது. ஆகவே என் கட்சி இதுதான்: சட்டம் சரி, விண்ணப்பத் தாள் சரியில்லை.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, நாமினி என்ற கட்டத்துக்கு மேலேயே, "இவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பவர், இவருக்கே பணம் சேர வேண்டுமாயின் உயில் எழுதுக" என்று நல்ல தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மனைவி, மக்கள், பெற்றோர் நிலை என்ன என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். அத்திருத்தத்தில் உள்ள ஐயத்தை நாடாளுமன்றமே தெளிவாக்கினால் இன்னும் நன்று. தாயும் மருமகளும் ஆளுக்கொரு தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படியேறும் நிலை இனியும் தொடர வேண்டியதில்லை.

இரண்டாவதாக, மணமானவர் ஆண்டுத்தொகை வாங்கும்போது, கணவன் மனைவி இருவர் ஆயுளுக்கும் என்பதே இயல்பான வகையாக இருக்க வேண்டும். தனக்கு மட்டும் என்று வாங்க விரும்பினால், அதைத் துணைவிக்கு விளக்கிச் சொல்லி அவருடைய ஒப்பத்தையோ கைநாட்டையோ பெற வேண்டும். மாதம் சில நூறு ரூபாய் அதிகம் என்பதற்காக ஒரு பெண்ணின் எஞ்சிய காலத்து வருமானம் அவளுக்குத் தெரியாமலேயே விலைபோகக் கூடாது.

மூன்றாவது நம் கையில் உள்ளது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். போகும் ஊரில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அங்குள்ள பெரியவர்களின் பத்திரங்களை எடுத்துவரச் சொல்லி, அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லலாமே! நாமினியை மாற்ற வேண்டுமாயின் அவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடலாம். ஒரு விண்ணப்பம் போதும். இறந்த பின் எத்தனை விண்ணப்பம் போட்டாலும் முடியாது. மூன்று ஆண்டுகள் இங்கே படித்த வணிகவியல், பக்கத்து வீட்டுப் பாட்டியின் பத்திரத்தைப் படித்துச் சொல்லக்கூட உதவவில்லை என்றால், அந்தப் படிப்பால் பயன் என்ன?

முடிவு

மூன்றாம் நாள் இரவு அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீ படித்ததை முழுதாகச் சொல்" என்றார். சொன்னேன். நான்காவது பங்கு யாருடையது என்று சொன்னபோது அப்பா திரும்பித் திண்ணையைப் பார்த்தார். அப்பத்தாவிடம் போய் நானே விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "எனக்கெதுக்கு சாமி பணம்? பெத்தவனே போயிட்டான். என் பங்கையும் அவ கையிலயே குடுத்துருங்க. அவளுக்கு ஆரு இருக்கறா?" என்றார்.

மறுநாள் அப்பா வங்கிக்குப் போனார். பெரியம்மாவுக்கு இரண்டு பங்கு. பெண்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு என்று கணக்கில் போட்டுவிட்டு வந்தார். மூத்த அக்கா தன் பங்கைத் தாயிடமே கொடுத்துவிட்டாள். இளையவள் வைத்துக்கொண்டாள். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை; அது அவளுடையது. பெரியம்மா கிடைத்ததை அஞ்சலகத்தில் போட்டிருக்கிறார். மாதாமாதம் வட்டி வருகிறது. பெரியப்பா இருந்தபோது வந்த அளவுக்கு வருவதில்லை. இருவர் ஆயுளுக்கும் என்று அன்று ஒரு கட்டத்தில் குறியிட்டிருந்தால், இந்தக் கதைக்கே இடம் இருந்திருக்காது.

அம்மாவின் நகைகள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முறை வட்டி கட்டும்போதும் அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. வேலைக்குப் போய்த்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பொங்கலுக்குப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா எழுந்து நின்று, "வாங்க அண்ணி" என்று வரவேற்றார். அந்தப் பணத்தை நாங்கள் வைத்துக்கொண்டிருந்தால், அப்பாவால் அப்படித் தலைநிமிர்ந்து அழைத்திருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊருக்குச் சென்றதும் உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது, எந்த வகையில் குறி இருக்கிறது என்று பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். அவர்கள் நலமாக இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.